வேளாண் கழிவில் நாற்று வளர்த்த அனுபவம்: ஆய்வு அறிக்கையில் இடம்பெறாத தட்டுகள்

பொது நிதித் திட்டமொன்றில் களப்பணி செய்த ஆய்வாளர்

நான் பணியாற்றிய மூன்றாண்டுத் திட்டத்தின் நோக்கம் எளிமையானது. நாற்றுத் தட்டுகளில் நிரப்பப்படும் பீட்டுக்கு (சதுப்பு நிலத்தில் அரைகுறையாக மக்கிப் படியும் தாவரப் பொருள்) மாற்றாக, மக்கிய தென்னை நார்க்கழிவையும் காளான் அறுவடை முடிந்தபின் எஞ்சும் வைக்கோல் படுகையையும் கலந்து ஒரு வளர்ப்பு ஊடகம் தயாரிக்க வேண்டும். சதுப்பு நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே படியும் பீட்டை வெட்டியெடுத்து, ஆறு வாரப் பயிருக்குச் செலவழிப்பது நியாயமில்லை என்பதில் எங்களுள் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

முதலாண்டு முடிவுகள் மிக நன்றாக வந்தன. இரண்டாம் ஆண்டில் அதே கலவையை வளர்ப்பாளர்களிடம் கொடுத்தோம். மூன்றாவது வாரத்தில் ஒருவர் அழைத்தார். போய்ப் பார்த்தபோது தக்காளி நாற்றுகளின் இலை நுனிகள் கருகியிருந்தன. தட்டின் அடித்துளைகளைச் சுற்றி வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. அவர் எதுவும் பேசாமல் ஒரு தட்டில் நீரை ஊற்றி, அடியில் வடிந்ததை ஒரு கோப்பையில் பிடித்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும், என்னிடமிருந்த மின்கடத்துத்திறன் மானியை அதில் வைக்கச் சொன்னார். எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முதலாண்டு நார்க்கழிவு நன்னீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்தது. இது உவர்நீரில் ஊறவைத்த மட்டையின் கழிவு.

நீரில் கரைந்திருக்கும் உப்பைக் கழுவி வெளியேற்றலாம். ஆனால் நார்த்துகளின் பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் கழுவலுக்கு எளிதில் அசையா. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, அவற்றின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டபின் மீண்டும் அலச வேண்டும். பாடநூலில் உள்ள செய்திதான், எங்களுக்கும் தெரியும். இருந்தும் எங்கள் செய்முறைக் குறிப்பில் "கழுவிய நார்க்கழிவு" என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. (மானி காட்டும் எண்ணும்கூட, ஒரு பங்கு ஊடகத்துக்கு எத்தனை பங்கு நீர் சேர்த்து அளந்தோம் என்று எழுதாவிட்டால் பயனற்றது. அதையும் நாங்கள் எழுதவில்லை.)

நிதி வழங்கியோர் எங்களிடம் கேட்டது ஒரு கலவை விகிதத்தை. ஆகவே எல்லாத் தட்டுகளின் சராசரியை எடுத்து ஒரு விகிதத்தைக் கொடுத்தோம். கருகிய தட்டுகளை "விதிவிலக்கு" என்று ஒதுக்கிவிட்டோம்; அந்த வரியை எழுதியவன் நானேதான். ஆனால் ஒரு குவியலுக்கும் அடுத்த குவியலுக்கும் உள்ள வேறுபாடுதான் கழிவுப்பொருளின் இயல்பு. அதைக் கழித்துவிட்டால் அந்த அறிக்கையால் வளர்ப்பாளருக்கு என்ன பயன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாற்றங்கால் நடத்துபவர்

மேலே எழுதியவருக்கு உப்பு காட்டிய பாடத்தை எனக்குக் களைக்கொல்லி காட்டியது. மாட்டுத் தொழுவத்து வைக்கோலை முறைப்படி மக்கவைத்திருந்தேன். திறந்தவெளிக் குவியலுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவின்படி 15 நாள்கள் 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம், அதற்குள் ஐந்து முறை புரட்டல், பிறகு பல வாரங்கள் ஆறப்போடுதல் என்று எதிலும் குறை வைக்கவில்லை. உரம் கருப்பாக, மண்வாசனையோடு இருந்தது. அதில் வளர்ந்த நாற்றுகளின் இளந்தளிர்கள் மட்டும் கிண்ணம்போலக் குவிந்து, பெரணி இலைபோலச் சுருண்டன. முதலில் நச்சுயிரி நோய் என்றே நினைத்து, நல்ல நாற்றுகளையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்தேன்.

அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்வெளியில் தெளிக்கப்பட்டால், அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றையும் கடந்து சாணத்தில் வந்து சேரும். மக்கும் குவியலின் வெப்பத்திலும் எளிதில் சிதையாது. பிரிட்டனில் இதே காரணத்தால் தோட்டங்கள் பாழாகி, 2008இல் அமினோபைரலிட் விற்பனையைச் சில காலம் நிறுத்தியே வைத்தார்கள்.

இப்போது ஒவ்வொரு குவியலிலும் நாலைந்து இடங்களில் கைப்பிடி எடுத்து, பழைய ஊடகத்தோடு கலந்து, மூன்று தொட்டிகளில் அவரை விதை போடுகிறேன். பக்கத்தில் அந்த உரம் சேராத தொட்டிகளும் மூன்று. தொட்டிக்குத் தனித்தனி அடித்தட்டு வைக்க வேண்டும். ஒன்றின் வடிநீர் மற்றொன்றுக்குப் போனால் சோதனை கெட்டுவிடும். மூன்றாவது முழு இலை விரியும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் விடை தெரிந்துவிடும்: உரம் சேர்ந்த தொட்டிகளில் மட்டும் இலை சுருண்டால் களைக்கொல்லி இருக்கிறது என்று பொருள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இன்னொரு நாற்றங்கால்காரர். எனக்கு வந்து சேர்ந்த வேளாண் விரிவாக்கக் கையேடுகளில் புதிய நுண்ணுயிர்க் கலவைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. அவரை விதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நிதித் தேர்வுக் குழுவில் வளர்ப்போர் சார்பில் இருந்தவர்

அந்தக் கையேடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைக் குழுவில் உட்கார்ந்தபின்தான் கண்டுகொண்டேன். அவரை விதைச் சோதனையில் காப்புரிமைக்கு வழியில்லை, கட்டுரைக்கும் புதுமை போதாது. ஆகவே மதிப்பெண் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. வளர்ப்போரையும் ஆய்வாளரையும் கேள்வியை வகுக்கும் நிலையிலேயே ஒன்றாக உட்காரவைக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தொடங்கிய வேளாண் புத்தாக்கக் கூட்டாண்மை அத்தகையதுதான். எங்கள் குழுவிலோ, கேள்விகள் முடிவான பிறகே எங்களை அழைத்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் பட்டது கால அளவு. மண்ணில் உழுதுவிடும் 1 டன் வைக்கோலில் ஏறத்தாழ 400 கிலோ கரிமமும் 5 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கின்றன. நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தம் உடலாக்கிக்கொள்வதாக வைத்தால், 10 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு என்ற கணக்கில் அவற்றுக்குச் சுமார் 13 கிலோ தழைச்சத்து வேண்டும். குறையும் 8 கிலோவை மண்ணிலிருந்து, அதாவது பயிரின் பங்கிலிருந்து, எடுத்துக்கொள்ளும். முதல் பருவத்தில் பயிர் மஞ்சளிப்பது இதனால்தான். ஒரே பருவத்தில் முடியும் திட்டம் "வைக்கோலை உழுவதால் விளைச்சல் குறைகிறது" என்று முடித்துக்கொள்ளும். அதன் கணக்கில் பிழையும் இருக்காது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், ஹூஸ்ஃபீல்டு பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் தொழுவுரம் இட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரும், உரமே காணாத பகுதியைவிட அந்த மண்ணில் கரிமமும் தழைச்சத்தும் கூடுதலாக இருப்பதை அளக்க முடிந்தது. இதை நான் குழுவில் சொன்னபோது, "நம் திட்டக் காலம் முப்பத்தாறு மாதம்" என்று தலைவர் புன்னகையோடு பதிலளித்தார்.

மீண்டும் முதல் ஆய்வாளர்

இவற்றைப் படித்தபின் பழைய களக் குறிப்பேடுகளைத் தேடியெடுத்தேன். கருகிய தட்டுகளின் அளவீடுகளை ஒன்று விடாமல் வெளியிடலாம் என்பது எண்ணம். நாற்றின் உயரம், இலை எண்ணிக்கை, வேரின் எடை எல்லாம் நாள்வாரியாக ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. எந்தத் தட்டு எந்தக் குவியலிலிருந்து நிரப்பப்பட்டது என்பதைக் குறிக்க மட்டும் நாங்கள் ஒரு நெடுவரிசை ஒதுக்கவே இல்லை.