எடைக் குறைப்பும் சனிக்கிழமை இரவும்: உறுப்பினர்கள் பகிர்ந்தவை

ஈரோட்டிலிருந்து, வயது 46

எடையைக் குறைக்க முயலும்போது மது அருந்தலாமா என்று சென்ற வாரம் ஓர் உறுப்பினர் தயக்கத்தோடு கேட்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் இருந்தவன் நான். அதனால் எனக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது என் எடை 91 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. நான் நாள்தோறும் குடிப்பவன் அல்லன். விசைத்தறிப் பட்டறையில் கணக்கு முடித்துக் கூலி கொடுக்கும் சனிக்கிழமை இரவில் மட்டும் நண்பர்கள் மூவரோடு உட்கார்ந்து ஒரு குவார்ட்டர் அருந்துவேன். உணவியல் ஆலோசகர் எனக்கு ஒரு நாளைக்கு 1800 கலோரி என்று திட்டம் வகுத்துக் கொடுத்தார். என் உடலமைப்புக்கும் வேலைக்கும் 2300 வரை செலவாகும் என்பதால், நாளுக்கு 500 குறையும், வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ இறங்கும் என்பது அவருடைய கணக்கு. அவரிடம் காலையில் எத்தனை இட்லி, மாலையில் எத்தனை தேநீர் என்று எல்லாவற்றையும் சொன்ன நான், சனிக்கிழமையை மட்டும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. தைராய்டு கோளாறாக இருக்குமோ என்று சோதனை செய்தோம். அதில் குறை ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை இரவு, வாயில் போட்டது அத்தனையையும் மறுநாள் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதினேன். குப்பியின் மேல் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். 180 மி.லி.யில் அது 77 மி.லி. தூய ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, கொழுப்பில் 9. ஆக, குவார்ட்டர் மட்டுமே 425 கலோரி, ஏழெட்டு இட்லி சாப்பிட்டதற்குச் சமம். இதைப் பார்த்து நான் அதிர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். 425 என்பது சமாளிக்கக்கூடிய எண்தான். அதன் கீழே எழுதியதுதான் என்னை உட்கார வைத்தது. நால்வர் வாங்கும் மசாலா வேர்க்கடலையில் என் பங்கு மட்டும் 100 கிராமுக்குக் குறையாது, அது 570. தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் போட்டு எண்ணெய் மிதக்க வதக்கிய பள்ளிபாளையம் சிக்கன் ஒரு தட்டு, குறைந்தது 400. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சால்னா ஊற்றி இரண்டு பரோட்டா, 700. இவற்றைக் கூட்டினால் அந்த ஓர் இரவு 2100. பகலில் சாப்பிட்டதையும் சேர்த்தால் அன்றைக்கு மட்டும் 3600 வந்தது. ஞாயிற்றுக்கிழமை தலைபாரத்தோடு எழுந்து, நடைப்பயிற்சியை விட்டுவிட்டு, மதியம் பிரியாணியில் அமர்ந்தால், அந்த நாளின் சேமிப்பும் போயிற்று. மீதமுள்ள ஐந்து நாளில் நான் வயிற்றைக் கட்டிச் சேர்த்த 2500 கலோரியில் 1300 சனிக்கிழமை இரவோடு கரைந்துவிட்டது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏன் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு ஆலோசகரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஆல்கஹாலை உடலால் சேமித்து வைக்க முடியாது, அது உள்ளே வந்துவிட்டால் கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைத்தான் எரித்து வெளியேற்றும் என்று பொறுமையாக விளக்கினார். மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் அதற்கு இயலும் என்பதால், ஒரு குவார்ட்டரை முடிக்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவரை கொழுப்பு எரிவது மிகவும் மந்தப்படும். கூடவே உள்ளே போன எண்ணெயும் கடலையும் செலவாக வழியில்லாமல் இருப்பில் சேரும். ஞாயிறு காலையில் எடை பார்த்தால் சில வாரங்களில் அரைக் கிலோ குறைந்துகூடக் காட்டும். அதைக் கண்டு நான் மகிழ்ந்தும் இருக்கிறேன். அது சிறுநீராகப் போன தண்ணீர் மட்டுமே. செவ்வாய்க்கிழமைக்குள் உப்பும் தண்ணீரும் திரும்பி வந்து, எடை மறுபடி ஏறியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு லார்ஜ் என்பது 60 மி.லி., அதில் 142 கலோரி. வீட்டில் நான் கண்ணளவில் ஊற்றும் லார்ஜை ஒரு நாள் என் மனைவி சமையலறையின் அளவுக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தார், 85 மி.லி. இருந்தது. அன்றே அவர் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து, சரியாக 60 மி.லி. தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அந்தத் தம்ளர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

நான் மாற்றிக்கொண்டது இவ்வளவுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும், கோடு போட்ட தம்ளரில் இரண்டு முறை, சோடாவோ தண்ணீரோ சேர்த்து அருந்துகிறேன். 284 கலோரி என்று முன்கூட்டியே தாளில் எழுதிவிடுகிறேன். கோலா கலப்பதை விட்டுவிட்டேன், 200 மி.லி. கோலாவிலேயே 85க்கு மேல் கலோரி இருக்கிறது, அதைத் தாகத்துக்குக் குடிப்பதுபோல் குடித்துவிடுகிறோம். புறப்படும் முன் வீட்டில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிடுகிறேன். இரண்டாவது லார்ஜுக்குப் பிறகு எடுக்கும் முடிவு எதுவும் நம்முடைய முடிவு அல்ல என்பது என் அனுபவம். ஆகவே என்ன சாப்பிடுவது, எப்போது எழுவது என்பதை மாலை ஐந்து மணிக்கே தீர்மானித்துவிடுகிறேன். பதினான்கு மாதத்தில் 79 கிலோவுக்கு வந்தேன்.

மதுரையிலிருந்து, வயது 53

ஈரோட்டுத் தம்பி மனம் திறந்து எழுதியிருப்பதால் எனக்கும் எழுதும் துணிவு வந்தது. எனக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். எடையைக் குறைத்தால் மாத்திரையின் அளவைக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும், நானே ஒரு கணக்குப் போட்டேன். மது அருந்தும் நாளில் இரவு உணவை விட்டுவிட்டால் கலோரி சரியாகிவிடும் அல்லவா என்பது அந்தக் கணக்கு. தாளில் அது சரியாகத்தான் வந்தது.

சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போன அன்று, மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, மூன்று லார்ஜ் அருந்தி வந்து படுத்தேன். பின்னிரவு இரண்டு மணியளவில் பனியன் முழுவதும் நனையும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், என் மனைவி கேட்ட கேள்விக்கு நான் வேறு எதையோ பதிலாகச் சொன்னேனாம். போதையில் உளறுகிறார் என்று முதலில் நினைத்த அவர், என் உடல் சில்லிட்டிருப்பதை உணர்ந்து, குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்திருக்கிறார். 52 காட்டியது. சர்க்கரைக் கரைசலை என் வாயருகே பிடித்துச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, 110 வரும்வரை அவர் உறங்கவில்லை.

சாப்பிடாத இரவில் கல்லீரல்தான் இரத்தத்துக்குச் சர்க்கரையை உற்பத்தி செய்து கொடுக்க வேண்டும், ஆனால் ஆல்கஹாலை எரிப்பதில் அது முனைந்திருக்கும்போது அந்த உற்பத்தி தடைபடும், கிளிமிபிரைடோ தன் போக்கில் சர்க்கரையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும் என்று மறுநாள் மருத்துவர் சொன்னார். போதைக்கும் தாழ்சர்க்கரைக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் உறங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் பேராபத்து என்றும் சொன்னார். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டாம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் எவரும் என்னைப்போல் தாமாகக் கணக்குப் போட்டு உணவைத் தவிர்க்க வேண்டாம். தயவுசெய்து உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான் இப்போது அருந்துவதில்லை. அந்த இரவில் என் மனைவியின் முகம் இருந்த நிலையை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இலண்டனிலிருந்து, வயது 39

பெண்கள் இதைப் பற்றி நம் குழுக்களில் பேசுவது அரிது என்பதாலேயே எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து சமைக்கும்போது அடுப்பின் பக்கத்தில் ஒரு கிளாஸ் வைன் வைத்துக்கொள்வது இங்கு வந்த பின் எனக்குப் பழக்கமானது. வறுத்தது, பொரித்தது எதுவும் இல்லாததால் அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. உணவுக் குறிப்பேட்டில் நான் சாம்பாரில் ஊற்றிய எண்ணெய்வரை எழுதுவேன். வைனை எழுத மாட்டேன்.

கண்ணாடிக் குப்பிகளை மறுசுழற்சிக்கு எடுத்துச் சென்ற ஒரு நாளில், பையில் ஏழு குப்பிகள் இருந்தன. அவை ஒரு மாதத்துக்கு உரியவை, அனைத்தும் நான் மட்டுமே அருந்தியவை. 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மி.லி. வைனில், ஆல்கஹாலால் மட்டும் 540 கலோரி வருகிறது. வைனில் எஞ்சியிருக்கும் சர்க்கரை தனி. ஏழு குப்பிக்கு 3700க்கு மேல், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கொழுப்புக்கு ஈடானது. வாரத்துக்கு 14 அலகுக்கு (ஓர் அலகு என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால்) மேல் தொடர்ந்து அருந்த வேண்டாம் என்பது 2016இல் இங்குள்ள தலைமை மருத்துவ அலுவலர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்; ஒரு குப்பி வைனிலேயே ஏறக்குறைய 10 அலகு. ஆகவே என் வாரக் கணக்கு எல்லையைத் தாண்டியே இருந்திருக்கிறது. பெண்களின் உடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால், அதே அளவு அருந்தினாலும் இரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு நமக்குக் கூடுதலாகவே ஏறும்.

எனக்குக் கடினமாக இருந்தது கலோரியைக் குறைப்பது அன்று. அந்த மாலை ஆறரை மணியைக் கடப்பதுதான். அலுவலகம் முடிந்து விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமிக்ஞையாக அந்தக் கிளாஸ் இருந்தது. இப்போது அந்த நேரத்தில் வேலையுடையை மாற்றிக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் 125 மி.லி. சிறிய கிளாஸில் ஒன்று. இடையில் விழித்துக்கொள்ளாமல் இரவு முழுவதும் தூங்குகிறேன். எடை குறைவதற்கு முன்பே எனக்குக் கிடைத்த பலன் அந்தத் தூக்கம்தான்; நன்றாகத் தூங்கிய நாளின் மறுநாள் இனிப்பைத் தேடி மனம் அலைவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து, செவிலியர்

நீண்ட பதிவு எழுத எனக்கு நேரமில்லை, ஆனால் இதை யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்து வந்த ஒருவர், தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று ஒரே நாளில் முழுவதும் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். கைகால் நடுக்கம், காய்ச்சல், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி அலறினார். அவர் எடுத்த முடிவு மிக நல்ல முடிவு. எடுத்த முறைதான் உயிருக்கே ஆபத்தானது. தினமும் மிகுதியாகக் குடிப்பவர்கள், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவர்கள், தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவமனைக்கு வந்தால் நடுக்கத்துக்கான மருந்தும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த உதவ முடியும். குடிக்கும் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு அளவோடு தொடங்கலாம் என்று நினைக்க வேண்டாம். உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறியிருக்கிறது.

ஈரோட்டிலிருந்து, மீண்டும்

செவிலியர் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு என் பதிவில் ஒரு குறை இருப்பதை உணர்கிறேன். நான் எழுதியது ஏற்கெனவே அருந்திக்கொண்டிருந்த ஒருவன் தன் அளவைக் குறைத்த கதை. புதிதாகத் தொடங்குவதற்கு வழிகாட்டி அல்ல. மதுரை அண்ணனின் அனுபவத்தை என் சனிக்கிழமை நண்பர்களில் சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு நேற்றிரவே வாசித்துக் காட்டினேன். அவரும் சாப்பிடாமல் வந்து உட்காருபவர்தான். வரும் செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்க அவரோடு நானும் போகிறேன்.

என் நண்பர்கள் கேலி செய்யவில்லையா என்று தனியே ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். முதல் மாதம் செய்தார்கள். அதன் பின் ஒரு நாள், நடுவில் இருந்த கடலைத் தட்டை அவர்களில் ஒருவரே என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எனக்காக வெள்ளரிக்காய் நறுக்கச் சொல்லி, அதில் எலுமிச்சையும் மிளகுத்தூளும் போட்டுத் தரச் சொன்னார். இப்போது நால்வருக்கும் அதுதான் வருகிறது. என் இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ.க்கு வந்திருக்கிறது, இந்திய ஆண்களுக்குச் சொல்லப்படும் 90க்கு இன்னும் மூன்று பாக்கி.