பெரியவர்களுக்கு டயப்பர் புண்: பார்த்ததும் பட்டதும்

அத்தையைப் பார்த்துக்கொள்ளும் மருமகள்

அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மறதி நோய் முற்றியதிலிருந்து டயப்பர்தான். எரிகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ராத்திரியெல்லாம் டயப்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். காலையில் மாற்றும்போது பார்த்தால் தொடை இடுக்கு முழுக்கச் செக்கச்செவேல் என்று வெந்து கிடக்கிறது.

வழக்கமாகப் போடும் ஜிங்க் ஆக்சைடு கிரீம் இந்த முறை எடுபடவில்லை. டாக்டர் இடுக்கை விரித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சிவந்த இடத்தின் ஓரத்தைத் தாண்டி, கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டில் சீழ் மொட்டு.

"சமீபத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்திருந்தோம். அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும், அப்புறம் கேண்டிடா என்ற பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான் என்றார். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சுலபமாக வருமாம். குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து கிரீமை மெல்லிசாகத் தடவி, அது தோலில் இறங்கிய பிறகு மேலே ஜிங்க் கிரீம் போடச் சொன்னார். சிவப்பு மறைந்ததும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை போட வேண்டும்.

இதற்கு நடுவில் உறவுக்காரர் ஒருவர், "எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்" என்று ஒரு ட்யூபைக் கொண்டுவந்து நீட்டினார். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. டாக்டர் அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். டயப்பருக்குள் மூடிக் கிடக்கிற தோல் ஸ்டீராய்டை அளவுக்கு மீறி உறிஞ்சும், நாளாக ஆகத் தோல் மெலிந்துபோகும். சிவப்பு அடங்கியதுபோல் காட்டும், பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். யாராவது அன்பாகக் களிம்பு கொடுத்தால், முதலில் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

சக்கர நாற்காலிக்காரன்

டயப்பர் போடுவது நானேதான். தண்டுவடத்தில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. எரிந்தாலும் தெரியாது என்பதால் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல வெட்கப்படுகிற கட்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது.

என் அனுபவத்தில் சிறுநீர் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். மலமும் சேர்ந்தால்தான் வினை. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றும்போது அந்த அமிலம் போய்க் காரமாகிறது. காரமானதும் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் சுறுசுறுப்பாகி, ஊறிப்போன தோலையே அரிக்க ஆரம்பித்துவிடும். பேதி என்றால் நொதிகள் இன்னும் அதிகம். அதனால்தான் சிறுநீருக்குச் சற்றுப் பொறுத்தாலும் மலத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் மாற்றிவிடுகிறேன்.

சாதாரண சோப்பும் காரம்தான். அதைப் போட்டுப் போட்டுத் தேய்ப்பது அரிப்பவனுக்கு ஆள் சேர்த்துவிடுகிற வேலை. எனக்கு ஒத்துவந்தது வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி, வாசனை சேர்க்காத மிதமான க்ளென்சர். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்புகள் உலர்ந்த பிறகே கிரீம். இன்னொன்று, ஜிங்க் கிரீமை ஒவ்வொரு முறையும் ஒட்டச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்துவிட்டு அதன்மேலேயே பூசலாம். பெட்ரோலியம் ஜெல்லியை அப்பிவிட்டால் அது டயப்பரில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை உறிஞ்ச விடாது. மெல்லிய பூச்சு போதும். பவுடர் பக்கம் நான் போவதே இல்லை, ஈரத்தில் கட்டிதட்டி மடிப்பில் உரசும்.

பகலில் கொஞ்ச நேரம் உறிஞ்சும் விரிப்பைப் போட்டு, டயப்பர் இல்லாமல் காற்றாடப் படுப்பேன். எந்தக் கிரீமைவிடவும் எனக்கு அதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் செவிலி

நான் போகிற வீடுகளில் "டயப்பர் புண்" என்று காட்டுவதில் சில, படுக்கைப் புண்ணாக இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஈரத்தால் வந்தது பரவலாக, மேலோட்டமாக, ஓரம் சரியாகத் தெரியாமல் பிட்டத்திலும் இடுக்கிலும் உள்தொடையிலும் இருக்கும். அழுத்தத்தால் வந்தது எலும்பு துருத்தும் இடத்தில் வரும். பெரும்பாலும் முதுகுத்தண்டு முடியும் இடம், இடுப்பு எலும்பு, குதிகால். ஓரம் தெளிவாக இருக்கும், உள்ளே ஆழமாகப் போகும்.

விரலால் அழுத்தி எடுங்கள். தோல் வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால் அழுத்தப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். அப்போது கிரீமை நம்பி இருக்காமல் புரட்டிப் படுக்க வைப்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், டாக்டரிடமும் காட்ட வேண்டும். கருத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஈரமும் அழுத்தமும் சேர்ந்தே வருவதும் உண்டு. கசிவு தாங்காது என்று இரண்டு டயப்பர் போட்டு வைத்திருக்கும் வீடுகளில் சூடு, புழுக்கம், அழுத்தம் மூன்றுமே கூடிவிடும்.

காய்ச்சல், சீழ், துர்நாற்றம், கொப்புளம், தோல் உரிந்து ரத்தக் கசிவு, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒழுங்காகப் பார்த்தும் குறையவில்லை என்றாலும் அதேதான்.

அப்புறம், டயப்பர் நனையக்கூடாது என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும், மலச்சிக்கலும் சேரும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழியத் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

அப்பாவோடு இருக்கும் மகன்

சிஸ்டர் மலச்சிக்கல் என்றதால் சொல்கிறேன். அப்பாவுக்கு நாள் முழுக்கத் தண்ணியாகக் கசிந்துகொண்டே இருந்தது. எத்தனை முறை மாற்றினாலும் பிட்டம் உரிந்துபோனது. பேதி என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரைக்குக் கடைக்குக் கிளம்பிய நேரத்தில், அக்கா போனில் டாக்டரைப் பிடித்தாள். அவர் வந்து பார்த்ததில் உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்திருந்தது, அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் வழிந்திருக்கிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தால் அடைப்பு இன்னும் மோசமாகியிருக்கும். எனிமா கொடுத்து அடைப்பை எடுத்த பிறகு கசிவு நின்றது, புண்ணும் அதே ஜிங்க் கிரீமிலேயே ஆறத் தொடங்கியது. இப்போது அப்பா மலம் கழித்த நாளையும் அது எப்படி இருந்தது என்பதையும் காலண்டரிலேயே குறித்துவைக்கிறோம். அடுத்த முறை டாக்டர் கேட்டதும் முதலில் எடுத்துக் காட்டியது அதைத்தான்.