30க்கும் 31க்கும் நடுவில்: பள்ளி மானியத்தில் உங்கள் அனுபவம் என்ன?

மலைப்பள்ளி டீச்சர்

ஜவ்வாது மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் ஹெச்.எம். ஆக இருக்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருடா வருடம் வரும் பள்ளி மானியம் பற்றி மற்றவர்களின் அனுபவத்தைக் கேட்க ஆசை. தலைகளை எண்ணித்தான் பணம். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம்.

எங்கள் பள்ளியில் 32 பேர் இருந்தார்கள். ஆடி மாதம் ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனது. அண்ணன் தங்கை இரண்டு பேரும் கூடவே போய்விட்டார்கள். செப்டம்பர் 30 கணக்கில் நாங்கள் 30. இரண்டு பிள்ளைகள் போனதில் 15,000 ரூபாய் போய்விட்டது.

தலைக்கு வகுத்துப் பார்த்தால் சின்னப் பள்ளிக்குத்தானே அதிகம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கணக்குப்படி உண்மைதான். 30 பேருக்கு 10,000 என்றால் தலைக்கு 333. ஆயிரம் பேருக்கு 75,000 என்றால் வெறும் 75. ஆனால் போர் மோட்டார் கருகினால், பிள்ளைகள் குறைவு என்று காயில் கட்டுபவர் கூலியைக் குறைப்பாரா? கீழே இருந்து ஆள் வர வேண்டும், வண்டி வாடகையும் நம் தலையில். கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, ஒழுகும் கூரை எல்லாம் 30 பேருக்கும் அதே செலவுதான். மானியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். சாக்பீஸ், பினாயில், பதிவேடு வாங்கி, மோட்டாரை ஒரு தடவை சரிபார்த்தால் கதை முடிந்தது.

திருப்பூர் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவி

டீச்சர், அந்தப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கே வந்திருக்கலாம். மலையிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்களுடையதும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிதான். ஆனால் மானியத்தை எதிர்பார்த்து நாங்கள் உட்கார்ந்திருப்பதில்லை, அது ஓரத்தில் வரும் சில்லறை. கழிப்பறை ஒரு கம்பெனி கட்டிக் கொடுத்தது, குடிநீர் இயந்திரம் இன்னொன்று. இதில் தர்ம சிந்தனை எவ்வளவோ, சட்டமும் அவ்வளவு இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ஓரளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்கிறது. தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலை இருக்கும் ஊருக்குத்தான் வகுப்பறை என்று ஆகிவிட்டது. மலையில் எந்தக் கம்பெனி தொழில் நடத்துகிறது?

2022 டிசம்பரில் அரசு ஆரம்பித்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டத்தில் எந்தப் பள்ளிக்கும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கிறவர் முதலில் தேடுவது தான் படித்த பள்ளியை. படித்துவிட்டு அமெரிக்கா போன ஆள் ஒருவராவது இருக்கிற ஊருக்குத்தான் அது பலிக்கும்.

ஒரு வருடம் மூன்றாவது ஸ்மார்ட் போர்டு தர ஒரு நிறுவனம் வந்தது. போர்டு போதும், கழிப்பறை கழுவ ஓர் ஆள் போடுங்கள் என்றோம். போர்டைத்தான் மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஓய்வு பெற்ற பி.ஆர்.சி. கணக்காளர்

வட்டார வள மையத்தில் (பி.ஆர்.சி.) கணக்குப் பார்த்த அனுபவத்தில், தொகையைவிட, அது வந்து சேரும் மாதம்தான் பெரிய பிரச்சினை என்பேன். ஜூனில் பள்ளி திறக்கும். பணம் பல வருடங்களில் தை, மாசியில்தான் வரும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். முன்பு பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கிலாவது பணம் கிடந்தது. இப்போது ஜீரோ பேலன்ஸ் கணக்கு, ஒரு வரம்பு மட்டும் காட்டும். அதற்குள் பில் போடாவிட்டால் போனது போனதுதான். டவுன் ஹெச்.எம். மதியம் கடைக்குப் போய் ஜி.எஸ்.டி. பில்லோடு வந்துவிடுவார். மலை ஹெச்.எம். பஸ் பிடித்துக் கீழே வந்து, வங்கிக்கும் கடைக்கும் அலைந்து, கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அதனால்தான் எல்லோரும் மார்ச்சில் அவசரமாக ஒரே மாதிரி டஸ்ட்பின் வாங்குகிறார்கள்.

திட்டப் பணம் மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25இல் பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளி மேம்பாட்டுத் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் காரணமாக்கி, தமிழகத்துக்கு ஒதுக்கிய 2,152 கோடியைத் தில்லி விடுவிக்கவில்லை. வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தம் சரியா தவறா என்று இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும். வேறு வருமானம் உள்ள பள்ளி சமாளிக்கும், மானியத்தை மட்டுமே நம்பிய பள்ளிதான் முதலில் நிற்கும்.

சென்னைவாசி

இங்கே சொத்து வரியிலேயே கல்வி வரி ஒரு பகுதி. மாநகராட்சி தன் பள்ளிகளுக்கு அதிலிருந்து செலவழிக்கலாம். ஊரில் வீட்டு மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். டீச்சரின் ஊரில் வரி போட என்ன இருக்கிறது? சாமை விளையும் மேட்டு நிலம். இதை யாரும் பேசுவதே இல்லை.

தூத்துக்குடி, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்

எங்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையே! அரசு சம்பளம் தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டுக்கு வேர் 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கையில் இருக்கிறது. பள்ளியை யாராவது ஆரம்பித்தால் அரசு உதவித்தொகை தரும் என்பதுதான் அதன் முறை. திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகள் ஏற்கெனவே ஊர் ஊராகப் பள்ளி வைத்திருந்தார்கள், அப்புறம் நாடார் உறவின்முறைகளும் ஆரம்பித்தன. ஆரம்பிக்க ஆள் இருந்த பக்கம் உதவி வந்தது. தர்மபுரிப் பக்கம், மலைப் பக்கம் அப்படி ஆள் குறைவு. தென்கோடியில் படிப்பு முந்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

இன்றைய நிலை தலைகீழ். டீச்சர் சொன்ன அந்தப் பள்ளி மானியம் அரசுப் பள்ளிகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை. காலை உணவுகூட 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கி, கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. அதுவரை எங்கள் பிள்ளைகள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பொங்கல் வாசனையைப் பிடித்தபடி உள்ளே வருவார்கள்.

கிருஷ்ணகிரி பெண்

நல்லதாக ஒன்று சொல்கிறேன். நான் கே.ஜி.பி.வி. மாணவி. 2004இல் மத்திய அரசு தொடங்கிய கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா, கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்துப் பெண் பிள்ளைகளுக்கு வைத்த உண்டு உறைவிடப் பள்ளி. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணவில்லை, எத்தனை பெண்கள் படிக்காமல் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஐந்தாவது முடித்ததும் ஆடு மேய்க்க நின்றவள் நான். எட்டாவது வரை அங்கே தங்கிப் படித்தேன், இப்போது செவிலியர். விடுதியில் எல்லாம் சொர்க்கம் இல்லை, ஒரே ரசம். இருந்தாலும் எங்கள் ஊருக்கு என்றே தேடி வந்த பணம் அது ஒன்றுதான்.

மலைப்பள்ளி டீச்சர்

கணக்காளர் சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரை எமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தில் அப்படியே வைத்திருந்திருக்கலாமே என்று பலர் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பி.ஆர்.சி. கணக்காளர்

வேண்டாம் டீச்சர். நீங்கள் விடுவிக்காவிட்டால் திருப்பூர் பள்ளியில் அவர்களை ஏற்ற முடியாது. புத்தகம், சீருடை எல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் வருகிறது. எஸ்.எம்.சி.யில் ஒரு தீர்மானம் போடுங்கள்: மலைக்கு ஆளும் சாமானும் ஏற்றும் கூலியைத் தனியாகக் காட்டி, மோட்டார் பில்லின் நகலையும் வைத்து, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தோடு பி.ஆர்.சி.க்குக் கொடுங்கள். மாவட்டத் திட்டம் தயாராவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், தனிப் பள்ளியாகக் கொடுத்தால் அலமாரியில் தூங்கும். சுற்றியுள்ள மலைப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து கொடுத்தால் ஒன்றிய அளவில் ஒரு கோப்பாவது திறப்பார்கள். பதில் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.