மாற்று பேட்டரி போட்ட ட்ரோனில் சதவீதத்தை நம்பலாமா?

வான்நோக்கி:
என்னுடைய மடக்கு ட்ரோனுக்கு 3 செல் ஸ்மார்ட் பேட்டரி (மிச்சத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சிப் உள்ளது), 11.4 வோல்ட். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். ஒரிஜினல் பேக் எங்காவது கிடைத்தாலும் வருடக்கணக்கில் சும்மா கிடந்த சரக்கு. அதனால் வேறொரு தயாரிப்பாளரின் மாற்று பேக் வாங்கிப் போட்டேன். ட்ரோன் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. ஆப்பில் சதவீதம், செல் வோல்டேஜ் எல்லாம் வருகிறது. ஆனால் 38% வரை ஒழுங்காக இறங்கி, அங்கிருந்து ஒரே குதியில் 15. உடனே தானாகத் தரையிறங்கத் தொடங்குகிறது. பழைய ஒரிஜினல் பேக் உப்பிவிட்டது, ஆனால் அதன் போர்டு, அதாவது உள்ளே சிப் இருக்கும் பலகை, நன்றாகத்தான் இருக்கிறது. அதில் புது செல் போடலாமா? இல்லை, இந்த மாற்று பேக்கையே பழக்கி எடுக்கலாமா?

செம்புக்கம்பி:
செல்லை மாத்துங்க. போர்டு ஒரிஜினல்ங்கறதால ட்ரோன் ஒரு கேள்வியும் கேட்காது. ஒரே விஷயம், பழைய செல்லைக் கழட்டும்போது போர்டுக்கு சப்ளை விட்டுப்போகக் கூடாது. பேலன்ஸ் ஒயர்ல, அதான் ஒவ்வொரு செல்லுல இருந்தும் போர்டுக்குப் போற சின்ன ஒயர்ல, வெளிய இருந்து வோல்டேஜ் குடுத்துக்கிட்டே புது செல்லை சோல்டர் பண்ணணும். சப்ளை போச்சுன்னா சில சிப்புங்க நிரந்தரப் பழுதுன்னு குறிச்சு வச்சுப் பூட்டிக்கும். அப்புறம் அதைத் திறக்க மென்பொருள் தேடி அலையணும்.

தரையிறங்கு:
சோல்டர் முறையெல்லாம் சரி. எந்த செல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! 11.4 என்றால் செல்லுக்கு 3.8. அதாவது ஹை வோல்டேஜ் வகை, முழுச் சார்ஜில் 4.35. கடையில் கிடைக்கும் சாதாரண லிப்போவுக்கு (லித்தியம் பாலிமர் செல்) உச்சவரம்பு 4.20. அதை இந்த போர்டில் கட்டினால் சார்ஜர் 12.6இல் நிற்காது, 13.05 வரை போகும். பாதுகாப்பு சர்க்யூட்டும் தடுக்காது, ஏனென்றால் அதன் வரம்பு 4.35க்கும் மேலே வைக்கப்பட்டிருக்கிறது. பறக்கும்போது விழுவதைவிட, சார்ஜில் போட்டுவிட்டு வீட்டில் தூங்குவதுதான் இங்கே ஆபத்து. இதற்குத்தான் ஒரிஜினல் இல்லையென்றால் ட்ரோனை அலமாரியில் வையுங்கள் என்கிறேன்.

செம்புக்கம்பி:
4.35 செல்லும் விக்கிறாங்க சார், அதை வாங்கணும், அவ்வளவுதான். நீங்க சொல்ற "ஒரிஜினல்" பல வருஷமா கிடங்குல கெடந்தது. லித்தியம் செல் உபயோகிக்காம இருந்தாலும் கிழமாகும். ரொம்ப நாள் வோல்டேஜ் கீழ போய்க் கெடந்திருந்தா, மேல ஒட்டின லேபிளா வந்து காப்பாத்தும்?

ஓம்விதி:
இருவரும் கேட்ட கேள்வியை விட்டுவிட்டீர்கள். 38 ஏன் 15 ஆனது?

பேட்டரிக்குள் இருக்கும் சிப் மிச்சத்தை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறது. உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட், செல்லின் கொள்ளளவு இவ்வளவு, உள்மின்தடை (கரண்ட்டுக்குச் செல்லே காட்டும் தடை) இவ்வளவு என்ற அட்டவணை. உள்ளே இருக்கும் செல் அந்த அட்டவணைக்குப் பொருந்தாவிட்டால் கணக்கு வழியில் எங்கேயும் இடறாது. லோடில், அதாவது மோட்டார் கரண்ட் இழுக்கும்போது, வோல்டேஜ் எதிர்பார்த்ததைவிடச் சரியும்போதுதான் சிப் விழித்துக்கொண்டு எண்ணைத் திருத்துகிறது. ஆக, 15தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, 38தான் பொய். அந்தக் குதியை அடக்க வழி தேடுவது என்பது எச்சரிக்கையை அடக்குவது.

செல் மாற்றினாலும் இதே கதைதான். போர்டு பழைய செல்லின் நினைவோடுதான் இருக்கும்.

செம்புக்கம்பி:
அண்ணே, கடைசி வரியில கொஞ்சம் நில்லுங்க. பழைய செல் தேஞ்சு போனது, போர்டு கத்துக்கிட்டதும் அந்தக் குறைஞ்ச கொள்ளளவைத்தான். புது செல் போட்டா மீட்டர் கம்மியாக் காட்டும், சீக்கிரம் இறங்கச் சொல்லும். அது பாதுகாப்பான பக்கத்துத் தப்புதானே? அதுவும் வேணாம்னா முழுசா சார்ஜ், ரெண்டு மணி நேரம் ஓய்வு, காலியாக்கி அஞ்சு மணி நேரம் ஓய்வு. பல சிப்புங்க இதுலயே புதுக் கொள்ளளவைக் கத்துக்கும்.

ஓம்விதி:
நல்ல செல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மட்டமான செல் என்றால் தப்பு எதிர்ப்பக்கம் போய்விடும். இன்னொன்று: மோட்டார் சுற்றாமல் ட்ரோனை ஆன் செய்து வைத்து மெதுவாகக் காலியாக்கினால் கொள்ளளவு மட்டும்தான் சரியாகும். ட்ரோன் வேகமாக மேலே ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு சரியும் என்பது அந்த லேசான லோடில் தெரியவே தெரியாது.

நான் சொந்தமாகக் கட்டிய ட்ரோன்களில் இந்த வம்பே வேண்டாமென்று சாதாரண பேக்கும், வோல்டேஜையும் கரண்ட்டையும் அளக்கும் பவர் மாட்யூலும்தான் வைத்திருக்கிறேன். ட்ரோனை ஓட்டும் திறந்த மென்பொருளான ஆர்டுபைலட்டில் பேட்டரி மானிட்டர் வகைக்கு 4 என்று கொடுத்தால் வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் அதுவே படிக்கும். ஸ்மார்ட் பேட்டரிக்கு 7. சோலோ என்ற ட்ரோனுக்கென்றே தனியாக 5. எதுவானாலும் தரையிறங்கும் வரம்பை வோல்டேஜிலும் வைக்கலாம், மிச்சமிருக்கும் மில்லி ஆம்பியர் அவரிலும் வைக்கலாம்.

தரையிறங்கு:
வான்நோக்கியுடையது மூடிய ட்ரோன், அமைப்புகளைத் தயாரிப்பாளர் பூட்டி வைத்திருப்பார். இதில் எந்த எண்ணை எங்கே போய் மாற்றுவார்?

ஓம்விதி:
மாற்ற முடியாது, பார்க்க முடியும். வான்நோக்கி, பறப்புப் பதிவை எடுத்து ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் போடுங்கள். தரையில் சும்மா இருக்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று.

வான்நோக்கி:
எடுத்துவிட்டேன். 38% காட்டும்போது இறக்கி, சும்மா வைத்திருந்தால் 3.72, 3.72, 3.70. அதே சதவீதத்தில் மேலே ஏறும்போது, சுமார் 18 ஆம்பியரில், 3.45, 3.44, 3.20.

ஓம்விதி:
கிடைத்துவிட்டது. முதல் செல் 0.27 சரிகிறது, மூன்றாவது 0.50. பதினெட்டால் வகுத்தால் 15 மில்லி ஓம், 28 மில்லி ஓம். மூன்றாவது செல் மற்றவற்றோடு சேர்ந்ததே இல்லை. பொருந்தாத செல்லைக் கோத்து விற்றிருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது மூன்றும் ஒன்றாகத் தெரிவதால் வாங்குகிறவருக்குப் பிடிபடாது. வரிசையில் கோத்த பேக், அதனால் பலவீனமான செல் சொன்னால் மற்ற இரண்டும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

செம்புக்கம்பி:
அந்த ஒரு செல்லை மட்டும்...

தரையிறங்கு:
வேண்டாம்! இரண்டு பாதி பழசு, ஒன்று புதுசு என்றால் மறுபடி பொருந்தாத பேக்தான்.

செம்புக்கம்பி:
மாத்தாதீங்கன்னுதான் சார் சொல்ல வந்தேன். முழுசா முடிக்க விடுங்க. இந்த பேக்கைத் திருப்பிக் குடுங்க, பதிவை ஆதாரமாக் காட்டுங்க. உப்பின பேக்கை ஸ்க்ரூ டிரைவரால நெம்ப வேண்டாம், செல்லைச் சுத்தின பை கிழிஞ்சா அங்கேயே பத்திக்கும். போர்டு வேணும்னா கைப்பழக்கம் உள்ளவங்ககிட்ட குடுத்துத்தான் பிரிக்கணும்.

வான்நோக்கி:
விற்றவருக்கு எழுதிவிட்டேன். மாற்றாக வரும் பேக்கையும் இதேபோல் ட்ரோனை மேலே ஏற்றிச் செல் வோல்டேஜைப் பார்த்த பிறகுதான் தூரம் அனுப்புவேன். உப்பிய பேக் வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் இருக்கிறது, சார்ஜில் போடவில்லை. 4.35 என்று அச்சிட்ட, ஒரே அளவு உள்மின்தடை உள்ள மூன்று செல் கிடைத்தால் செம்புக்கம்பி அண்ணனைத் தேடி வருகிறேன்.

தரையிறங்கு:
அச்சை நம்பாதீர்கள். டேட்டாஷீட்டைக் கேட்டு வாங்கி இங்கே போடுங்கள், அதிகபட்ச டிஸ்சார்ஜ் கரண்ட்டையும் பார்க்க வேண்டும்.