கெர்னல் லூப்பில் ப்ரீஃபெட்ச்: சோதனையில் வேகம், நிஜ டிராஃபிக்கில் மந்தம்

கேள்வி:
வணக்கம். பெங்களூர் பெல்லந்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறேன். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஹாஷ் டேபிளில் ஃப்ளோவை (அது எந்த இணைப்பைச் சேர்ந்தது என்ற பதிவை) தேடும் லூப் இருக்கிறது, அதில் அடுத்த நோடை முன்கூட்டியே கேஷுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஒரு ப்ரீஃபெட்ச் வரி சேர்த்தேன். தனி சோதனை புரோகிராமில், நீளமான ஒரே லிஸ்டில் ஓட்டினால் வேகம் நன்றாகவே கூடுகிறது. அதையே எட்டு கோர் எக்ஸ்86 பெட்டியில் கெர்னலோடு போட்டால் குறைகிறது. லீட் "எடுத்துடு" என்கிறார், காரணம் சொல்லவில்லை. நாளைக்கு ரிவ்யூ. எடுக்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
எடுத்துவிடுங்கள் தம்பி, லீட் சொல்வது சரி. லினக்ஸின் லிஸ்ட் மேக்ரோக்களிலேயே இந்த ப்ரீஃபெட்ச் பல வருடம் இருந்தது, 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதை எடுத்தார். ஹாஷ் பக்கெட்டில், அதாவது டேபிளின் ஒரு கட்டத்தில், பெரும்பாலும் ஒரு நோடுதான் இருக்கும், அதுவும் இல்லாமலும் இருக்கும். அப்போது அடுத்தது என்று நீங்கள் கேட்பது நல் (NULL) என்கிற வெற்று முகவரியை. அதற்கு நிஜ மெமரியோடு மேப்பிங் கிடையாது, முகவரி மேப்பிங்குகளை நினைவில் வைக்கும் டிஎல்பி-யில் அது தங்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் பேஜ் டேபிளைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்புகிறது. உங்கள் சோதனையில் லிஸ்ட் நீளம், அதனால் இந்தச் செலவு கண்ணில் படவே இல்லை. பக்கெட் நீளங்களை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர்:
எண்ணினேன் அண்ணா, ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம் அல்லது ஒன்றுதான். வரியை எடுத்ததும் பழைய வேகம் வந்துவிட்டது, நன்றி. ஆனால் நான் ப்ரீஃபெட்ச் பக்கம் போனதே வேறு காரணத்தால்: நான்கு கோருக்கு மேல் எத்தனை சேர்த்தாலும் வேகம் ஏறமாட்டேன் என்கிறது. ஸ்ட்ரக்டில் டேபிள் பாயிண்டர், எந்தப் பக்கெட் என்று கணக்கிடும் மாஸ்க், அதை ஒட்டி பாக்கெட் எண்ணும் அட்டாமிக் கவுண்டர் (பல கோர்கள் ஒன்றாகக் கூட்டினாலும் எண்ணிக்கை தப்பாதது) இருக்கின்றன.

பதில் 2:
அந்தக் கவுண்டர்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. மூன்றும் ஒரே 64 பைட் கேஷ் லைனில், அதாவது கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் பகுதியில், விழும். ஒரு கோர் கவுண்டரைத் தொட்டாலே மற்ற கோர்களிடம் உள்ள அந்த லைன் செல்லாமல் போகும், சும்மா படிக்க மட்டும் செய்கிற பாயிண்டருக்காக எல்லாரும் மறுபடி காத்திருக்க வேண்டும். பஹோல் (pahole) என்ற கருவியில் ஸ்ட்ரக்டின் அமைப்பைப் பாருங்கள், 'பெர்ஃப் சி2சி' (perf c2c) ஓட்டினால் கோர்கள் எந்த லைனுக்காக மோதுகின்றன என்று காட்டிவிடும். கவுண்டரைத் தனி கேஷ் லைனுக்குத் தள்ளுங்கள், போதும்.

பதில் 1:
போதாது என்பது என் கருத்து. பாயிண்டர் தப்பிக்கும், ஆனால் எட்டு கோரும் அந்த ஒரே கவுண்டருக்கு அடித்துக்கொள்வது அப்படியே இருக்கும். கணக்கு காட்ட மட்டும்தான் அது என்றால் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியான பெர்-சிபியு கவுண்டராக மாற்றி, படிக்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள். அதை வைத்து ஏதாவது வரம்பு பார்க்கிறீர்களா? அப்படியானால் தோராயம் எவ்வளவு தாங்கும் என்று யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

கேட்டவர்:
வரம்பு எதுவும் இல்லை, புள்ளிவிவரம்தான். சி2சி-யில் அந்த லைன்தான் முதலில் நின்றது. பெர்-சிபியு ஆக்கியதும் பட்டியலிலேயே இல்லை, எட்டாவது கோர் வரை வேகம் ஏறுகிறது. ப்ரீஃபெட்சை விட்டுவிட்டு இதை மட்டும், சி2சி அறிக்கையையும் சேர்த்து, ரிவ்யூவுக்கு அனுப்புகிறேன்.