ஏற்காடு ரூம் புக்கிங்: டூ ஃபேஸ் கமிட்டை தூக்கிட்டு சாகாவுக்கு போலாமா?

மலைப்பாதை20:
ஏற்காட்டுல நாலஞ்சு ஹோம்ஸ்டேக்கு புக்கிங் சைட் பண்ணி கொடுத்திருக்கேன். ரூமுக்கு ஒரு சர்வீஸ், ஜீப்புக்கு ஒரு சர்வீஸ், ரெண்டுக்கும் தனித்தனி போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், காசுக்கு வெளிய ஒரு பேமென்ட் கேட்வே. ரூம் கிடைச்சா ஜீப்பும் கிடைக்கணும் இல்லேன்னா ரெண்டுமே வேணாம், அதனால டூ ஃபேஸ் கமிட் போட்டேன் (கோஆர்டினேட்டர்னு ஒரு புரோகிராம் முதல்ல ரெண்டு டேட்டாபேஸையும் ரெடியான்னு கேக்கும், ரெண்டும் ரெடின்னா கமிட், இல்லேன்னா ரோல்பேக், அதாவது எல்லாம் பழையபடி). கோடை விழா சமயம் சனிக்கிழமை ராத்திரி கோஆர்டினேட்டர் ஓடுற மெஷின் பாதியில படுத்துருச்சு. ரெண்டு டேட்டாபேஸும் "நான் ரெடி"ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கு, கமிட்டா ரோல்பேக்கான்னு சொல்ல ஆள் இல்ல. அந்த ரூமைத் தொட வந்த புக்கிங் எல்லாம் சுத்திக்கிட்டே நிக்குது. போஸ்ட்கிரஸை ரீஸ்டார்ட் பண்ணேன், அப்பவும் அந்த ரூம் மேல இருந்த லாக் (பூட்டு) போகல. ரெடி சொல்லிட்டு முடிவுக்கு காத்திருக்கறதைக் காட்டுற பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ்ல பாத்தா ஒரே ஒரு வரி, 47 நிமிஷமா தொங்குது. கையால ரோல்பேக் பிரிப்பேர்டு அடிச்ச பிறகுதான் சைட்டு மூச்சு விட்டுச்சு. சாகாங்கற முறைக்கு மாறலாமா?

கொலுசு_கோடர்:
இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ, மாறுங்க. ரூம் போடு, ஜீப் போடு, ஜீப் கிடைக்கலேன்னா ரூமை கேன்சல் பண்ணு, ஒவ்வொண்ணும் தனி சின்ன டிரான்சாக்‌ஷன், யாரும் யாருக்காகவும் லாக்கை புடிச்சிட்டு நிக்க வேணாம். 1987லயே கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதி வச்சிட்டாங்க. (ஆமா, பேரே சேலம். பேர்ல மட்டும்தான் நம்மூரு.) இன்னொண்ணு, உங்க கேட்வே பிரிப்பேர்ல, அதாவது அந்த "நான் ரெடி" கட்டத்துல, கலந்துக்குதா? இல்லேல்ல? அப்ப காசு ஆரம்பத்துலேர்ந்தே உங்க டூ ஃபேஸுக்கு வெளியதான் நின்னுட்டு இருக்கு.

தட்டுவடைசெட்:
எல்லாரும் டூ ஃபேஸ் மேலயே பழியப் போடுங்க. கோஆர்டினேட்டர் தன் முடிவை எழுதி வைக்கற லாகை (log) ஒரே மெஷின்ல வச்சது யார் தப்பு? கூகுளோட ஸ்பேனர் டேட்டாபேஸ் பத்தின 2012 பேப்பர் படிங்க, அவங்களும் டூ ஃபேஸ் கமிட்தான், ஆனா கலந்துக்கற ஒவ்வொரு பார்ட்டிசிபன்ட்டும் பாக்ஸாஸ் குரூப் (ஒரே தகவலை பல மெஷின் ஒத்துப்போய் வச்சிருக்கற கூட்டம்), கோஆர்டினேட்டரும் அப்படித்தான், ஒரு மெஷின் செத்தா இன்னொண்ணு எடுத்துக்கும். சாகாவுல ஐசோலேஷனே கிடையாது, பாதி முடிஞ்ச வேலை மத்தவங்களுக்கு தெரியும். ரூமை போட்டுட்டு கேன்சல் பண்றதுக்குள்ள வேற ஒருத்தர் வந்து "ரூம் இல்ல"ன்னு பாத்துட்டு வேற சைட்டுக்கு போயிடுவார். அந்த கஸ்டமரை எந்த காம்பென்சேஷன் (பின்னாடி கேன்சல் பண்ணி சரிக்கட்டறது) திருப்பி கூட்டிட்டு வரும்?

கொலுசு_கோடர்:
கூகுள்காரன்கிட்ட ஜிபிஎஸ்ஸும் அட்டாமிக் கடிகாரமும் இருக்கு, இவர்கிட்ட மூணு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) இருக்கு.

தட்டுவடைசெட்:
கடிகாரம் டைம்ஸ்டாம்ப் வரிசைக்கு. கோஆர்டினேட்டர் சாகாம இருக்கறதுக்கு பாக்ஸாஸ்தான். ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க.

கொலுசு_கோடர்:
சரி அதை ஒத்துக்கறேன். ஆனா ஸ்பீடுன்னு வந்தா மெயின் வில்லன் நெட்வொர்க்கே இல்ல, மனுஷன். டேட்டாபேஸ் ரெண்டும் ஒரே டேட்டா சென்டர்ல இருந்தா கூடுதல் ரவுண்ட் ட்ரிப்புக்கு ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டு, போயிட்டு போகுது. மலை ஏறிட்டு இருக்கற ஆள் 14வது கொண்டை ஊசி வளைவுல சிக்னல் இல்லாம யூபிஐ பின் அடிச்சிட்டு இருக்கார், அவருக்காக டேட்டாபேஸ் லாக்கை புடிச்சிட்டு நிப்பீங்களா? ரூம் வரியில "ஹோல்டு"ன்னு போட்டு 10 நிமிஷம் கெடு வைங்க, டக்குனு கமிட் பண்ணிட்டு வெளிய வந்துருங்க. காசு வந்தா கன்ஃபார்ம், வரலேன்னா கெடு முடிஞ்சதும் ரூம் தானா ஃப்ரீ.

தட்டுவடைசெட்:
ஹாஹா, அது என்னன்னு தெரியுதா? நீங்களே கையால எழுதின லாக். டேட்டாபேஸ் கொடுத்த லாக் வேணாம்னு நீங்களே ஒண்ணு பண்ணி அதுக்கு ஹோல்டுன்னு பேர் வச்சிருக்கீங்க. சரி, 10 நிமிஷத்துல கெடு முடிஞ்சு ரூம் வேற ஆளுக்கு போயிருச்சு, 12வது நிமிஷம் "பேமென்ட் சக்சஸ்"னு கேட்வேலேர்ந்து வெப்ஹூக் (தானா வர்ற தகவல்) வருது. இப்ப?

கொலுசு_கோடர்:
லாக்தான், ஆனா கெடு உள்ள லாக். கோஆர்டினேட்டர் செத்தாலும் கெடு சாகாது, அதான் வித்தியாசம். 12வது நிமிஷ காசுக்கு ரூம் காலியா இருந்தா மறுபடி போடு, இல்லேன்னா ரீஃபண்ட். இதை நாமதான் பண்ணணும், பேங்க் பாத்துக்கும்னு விட முடியாது. 2019 ஆர்பிஐ சுத்தறிக்கையில யூபிஐ டிரான்ஸ்ஃபருக்கு மறுநாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபான்னு இருக்கறது கணக்குல கழிஞ்சு போய்ச்சேராத காசுக்கு. இங்க காசு நம்மகிட்ட வந்து சேந்துருச்சே.

அப்புறம் அதே வெப்ஹூக் ரெண்டு தடவ வரும், எழுதி வச்சுக்கோங்க. செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசுக்கடைக்கு சைட் பண்ணப்போ ஒரே ஆர்டருக்கு ரெண்டு ஜோடி பார்சல் போயிருச்சு, வெள்ளி விலையில அது சின்ன அடி இல்ல, ஓனர் முகத்தைப் பாக்க முடியல. அன்னிக்குதான் கேட்வே தர்ற டிரான்சாக்‌ஷன் நம்பருக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டேன், ரெண்டாவது தடவ வந்தா இன்செர்ட்டே ஆகாது.

அஞ்சுரோடு_அண்ணன்:
தம்பிங்களா, நடுவுல வர்றேன், கோச்சுக்காதீங்க. நாலஞ்சு ஹோம்ஸ்டேக்கு எதுக்கு ரெண்டு டேட்டாபேஸு? ஒரே வீட்ல ரெண்டு உலை வச்சிட்டு ஏன் கேஸ் தீருதுன்னு கேக்கறீங்க. ரூமையும் ஜீப்பையும் ஒரே போஸ்ட்கிரஸ்ல போடு, ஒரு பிகின், ஒரு கமிட், முடிஞ்சுது. கேட்வே மட்டும்தான் வெளிய, அதுக்கு ஹோல்டு வச்சுக்க. அனுப்ப வேண்டிய மெசேஜ் எல்லாம் அதே டிரான்சாக்‌ஷன்லயே அவுட்பாக்ஸ் டேபிள்ல ஒரு வரியா எழுது, பின்னாடி ஓடுற ஒரு வொர்க்கர் புரோகிராம் எடுத்து அனுப்பட்டும்.

மலைப்பாதை20:
அண்ணே, தனித்தனி சர்வீஸா இருந்தா பின்னாடி ஸ்கேல் பண்ணலாம்னு நெனச்சேன்...

அஞ்சுரோடு_அண்ணன்:
மொத்தம் எத்தன ரூம்?

மலைப்பாதை20:
23 😐

தட்டுவடைசெட்:
அண்ணன் சொன்னதுக்கு நானும் ஓட்டு. சாகா ஜெயிச்சதா யாரும் கணக்கு எழுதிக்காதீங்க.

மலைப்பாதை20:
அப்டேட். ரெண்டையும் ஒண்ணாக்கி அவுட்பாக்ஸ் போட்டுட்டேன். நேத்து ராத்திரி புக்கிங் நடந்துட்டு இருக்கும்போதே வேணும்னே வொர்க்கருக்கு கில் மைனஸ் 9 (உடனே கொல்ற கமாண்ட்) அடிச்சேன். ரூம் சரி, காசு சரி, வொர்க்கர் மறுபடி எழுந்ததும் விட்ட வரியிலேர்ந்து எடுத்துருச்சு. ஆனா ஜீப்காரருக்கு வாட்ஸப் போயி, "அனுப்பியாச்சு"ன்னு டேபிள்ல குறிக்கறதுக்குள்ள செத்திருக்கு போல, எழுந்ததும் அதையே மறுபடி அனுப்பிருச்சு. காலைல அஞ்சரைக்கு போன் பண்ணி "தம்பி, ரெண்டு வண்டியா கேட்டீங்க?"ங்கறார்.

கொலுசு_கோடர்:
மெசேஜ்ல புக்கிங் நம்பர் போடலையா?

மலைப்பாதை20:
போட்டேன். ஒரே நம்பர் ரெண்டு தடவ வந்துச்சாம், அதனால ரெண்டு வண்டின்னு நெனச்சிட்டாராம்.