வேலூர் பக்கம் பள்ளிகளில் லைன் ஃபாலோயர் வண்டி: வகுப்பில் பார்த்தவை

காட்பாடியிலிருந்து:
தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் சின்ன வண்டி இது. 4 பிள்ளைகளுக்கு ஒன்று போதும். ஐந்தாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றும் போர்டு) 1, எல்298என் டிரைவர் (போர்டு சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட்டுவது) 1, மஞ்சள் பிஓ மோட்டார் (கியர் வைத்த சின்ன மோட்டார்) 2, டிசிஆர்டி5000 சென்சார் (இன்ஃப்ராரெட் ஒளியை அடித்துத் தரை கறுப்பா வெள்ளையா என்று பார்ப்பது) 2, 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்) 2, முன்னால் ஒரு கேஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்). 9 வோல்ட் சதுர பேட்டரி வேண்டவே வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அதால் தர முடியாது. வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். பிள்ளைகளோ புரோகிராமில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வகுப்பில் சென்சாரை மாட்டாதீர்கள். வண்டியைச் சதுரமாக ஓட்ட எழுதச் சொல்லுங்கள்: நேராக 1 நொடி, திரும்ப 400 மில்லிநொடி, இப்படி 4 தடவை. ஓட்டும் முன்பே அது எங்கே நிற்கும் என்று ஒவ்வொருவரும் சாக்பீஸால் தரையில் குறிக்க வேண்டும். குறி தப்பும். 400-ஐக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். செல் இறங்கியதும் அதே எண்ணுக்குத் திருப்பம் குறைந்து, மறுபடி தப்பும். வண்டி தரையைப் பார்த்துத்தான் போகணும் என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சென்சாரை எடுத்துக் கொடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
காட்பாடி சார் சொல்லும் சாக்பீஸ் குறிதான் உயிர். சென்சார் வந்த பிறகு கம்ப்யூட்டரைத் தொடும் முன் நோட்டில் அட்டவணை போடச் சொல்லுங்க: 2 சென்சார், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, ஆக 4 நிலை; ஒவ்வொன்றிலும் வண்டி என்ன செய்யணும். 'இரண்டும் கறுப்பு' என்பதைப் பல குழுக்கள் விட்டுவிடும். விடட்டும். குறுக்குக் கோட்டில் வண்டி திணறும்போது அட்டவணையில் எந்த வரி விடுபட்டது என்று தேடட்டும். கறுப்புக்கு 1 வருதா 0 வருதா என்பது சென்சார் போர்டுக்குப் போர்டு மாறும், சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஜன்னல்) பார்த்துக்கோங்க. சென்சார் கம்பியை ஆர்டுயினோவின் 0, 1 பின்களில் சொருகினால், புரோகிராமை ஏற்றும் அப்லோட் தகராறு பண்ணும்.

ஆற்காட்டிலிருந்து:
தரையையும் கவனிங்க. மொசைக்கில் இருக்கும் கறுப்புச் சில்லையும் கோடு என்றே எடுத்துக்கொள்ளும். பளபளப்பில்லாத வெள்ளை சார்ட் விரித்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. சென்சார் தரைக்கு மேல் 5 முதல் 10 மில்லிமீட்டர்; இரண்டுக்கும் நடுவே டேப் அகலத்தைவிடச் சற்று கூடுதல் இடைவெளி. ஜன்னல் வெயில் விழும் இடத்தில் ஓட்டாதீங்க. வெயிலிலும் இன்ஃப்ராரெட் உண்டு, கறுப்பும் வெள்ளையாகத் தெரியும். காலையில் சென்சார் போர்டில் இருக்கும் நீலத் திருகைத் திருப்பிச் சரிபண்ணியது நம்ம ஊர் மதிய வெயிலில் நிற்காது. சித்திரையில் டேப்பின் பசை இளகி ஓரம் தூக்கும், கேஸ்டர் அதில் மாட்டும். வளைவுகளில் டேப்பை இழுத்து ஒட்டாமல், 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி ஒட்டினால் தூக்காது.